முகூர்த்தம் இல்லாத நாட்களில் பி.காம்.

எங்கள் கல்யாண மண்டபத்தில் பெயர் வெட்டப்படாத பொருள் என்று ஒன்று இருந்தால் அது நான்தான். சாம்பார் வாளி, சாதக் கரண்டி, பாயசக் குண்டான், மணமகள் அறையின் சொம்பு, என் மேஜையில் இருக்கும் ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றிலும் முதலாளியின் அம்மா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். கல்யாண வீட்டில் பாத்திரத்துக்குக் கால் முளைத்துவிடும் என்பது முதலாளியின் அனுபவம். ஒரு முறை திருநின்றவூரில் யாருடைய வளைகாப்புக்கோ போனவர், தனக்குப் பரிமாறிய கரண்டியிலேயே தன் அம்மாவின் பெயரைப் படித்துவிட்டார். நிதானமாக மோர் வரைக்கும் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அந்தக் கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டுவார்.

நான் அந்த மண்டபத்தின் மேலாளர். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது மண்டபம். தேதி கொடுப்பது, ஜெனரேட்டருக்கு ஆள் சொல்வது, இரண்டு வீட்டாரும் ஒரே ஏ.சி. அறைக்குச் சண்டை போட்டால் நடுவில் போய் நிற்பது என்று பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கொஞ்ச காலம் நான் கல்லூரி மாணவியாக இருந்தேன். பி.காம். இரண்டாம் வருஷத்தின் நடுவில், பத்தொன்பது வயதில், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மீதியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோருமே சொன்னார்கள், கல்யாணத்துச் சமையல்காரர் உட்பட. அந்த அப்புறம் வரவே இல்லை. எந்த விண்ணப்பத்திலாவது கல்வித் தகுதி என்ற கட்டம் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பட்டத்தால் எனக்குச் சம்பளம் கூடப்போவதில்லை, தெரியும். இருந்தாலும் வேண்டும். முடிக்காமல் செத்துப்போகக் கூடாது என்கிற வீம்பு அது.

முதலாளி கோவில்பதாகையில் பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். வயல் எல்லாம் மனையாகி, மனை எல்லாம் வீடாகி, கையில் மிஞ்சியதில் ஏதாவது தர்மம் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கோயில் திருப்பணி ஏற்கனவே செய்தாயிற்று. பள்ளிக்கூடம் கட்டலாம் என்றால், எங்கள் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருந்தவர், லாரி ஓட்டியவர் எல்லோருமே பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். ஒரு படி மேலே போய் என்ஜினீயரிங் காலேஜும் கட்டிவிட்டார்கள். இவர் அதற்கும் ஒரு படி மேலே பார்த்தார்.

"பல்கலைக்கழகம் கட்டிடலாம்மா" என்றார் ஒரு நாள், ஷாமியானா போட்டுவிடலாம் என்கிற குரலில்.

வேப்பம்பட்டில் அவருக்கு நிலம் இருந்தது. மனை போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு முறை உண்டு: முதலில் வளைவு, அப்புறம்தான் ரோடு, மற்றதெல்லாம். அதன்படி நிலத்தின் முகப்பில் உயரமாக ஒரு வளைவு எழும்பியது. மேலே அம்மாவின் பெயர், அதன் கீழே பல்கலைக்கழகம் என்ற எழுத்து. உள்ளே நாலு எருமையும் நிறைய கோரைப்புல்லும் இருந்தன. எருமைகள் காலையில் வளைவுக்குள் போய் மாலையில் ஒழுங்காக வெளியே வரும். பட்டமளிப்பு மட்டும்தான் பாக்கி என்று எங்கள் மண்டபத்துச் சமையல்காரர் சொன்னார்.

அண்ணா நகரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார் முதலாளி. யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எத்தனை துறை வேண்டும், எத்தனை பேராசிரியர் வேண்டும், சட்டசபை வரைக்கும் என்னவெல்லாம் போக வேண்டும் என்று அவர் திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினார். முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக் கூடம் எங்க வருது?" என்று கேட்டார். அது கடைசிக் கட்டத்தில் என்றார் ஆலோசகர். முதல் கட்டம் முடியவே பல வருஷம் ஆகலாமாம்.

"அம்மாந்நாளு நான் இருப்பனா நைனா?"

ஆலோசகர் முதலாளியின் தலைமுடியைப் பார்த்தார், பிறகு தன் லேப்டாப்பைப் பார்த்தார். ஆரம்பக் கட்ட வேலைகளுக்கு மட்டும் இப்போது பணம் கொடுத்தால் போதும் என்றார்.

இந்த இடத்தில்தான் முதலாளியின் மருமகள் உள்ளே வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். ஐ.டி.யில் வேலை. அம்பத்தூர் அடுக்குமாடி வீட்டில் பாதி நாள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவள். மாமனாருக்கு அவள் மேல் மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாமா, கட்டடமே வேண்டாங்க. அந்தக் காசுக்கு ஆன்லைன்ல எத்தனையோ பேரைப் படிக்க வைக்கலாங்க. பெரிய பெரிய யுனிவர்சிட்டி எல்லாம் இப்ப ஆன்லைன்லயே டிகிரி தர்றாங்க. நாம ஃபீஸ் கட்டுனாப் போதும்."

ஆன்லைன் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளியின் முகம் வாடிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். கொரோனா சமயத்தில் ஆன்லைன்தான் எங்கள் மண்டபத்தைக் கொன்றது.

"ஆன்லைனா? அப்போ நானூறு பேரு போன்லயே அட்சத போட்டானுங்க. எவனாச்சும் ஒரு வாய் சாப்ட்டானா? ஊட்ல லுங்கியோட குந்திகினு ஆசீர்வாதம் பண்றான். அத்த மாதிரி படிப்பா?" என்றார். பிறகு உண்மையான சங்கடத்தைச் சொன்னார். "சரி, எங்கம்மா பேர எங்க போடுவ? காலேஜுன்னா வளைவு கீது, செவுரு கீது. போன்ல போட்டா வெரலால தள்ளிவுட்டு போய்கினே இருப்பான்."

உலகத்தில் தர்மம் செய்கிற பெரிய மனிதர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாளி எதையும் தனியாக முடிவு செய்ய மாட்டார். பாயசத்துக்கு ஜவ்வரிசியா சேமியாவா என்பதையே ஏழு பேரிடம் கேட்பவர். அதனால் பல்கலைக்கழகமா ஆன்லைனா என்று மண்டபத்துக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் கேட்டார். சமையல்காரர் பல்கலைக்கழகம் என்றார்; தினமும் மூன்று வேளை ஆர்டர். மேடை அலங்காரம் செய்கிறவரும் பல்கலைக்கழகம். பட்டமளிப்பு விழாவுக்கு மேடை வேண்டுமே. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் ஆன்லைன் என்றார்; கரண்ட் போனால் படிப்பு நின்றுவிடும் என்பதில் அவருக்கு நியாயமான ஒரு மகிழ்ச்சி. ஆளாளுக்கு அவரவர் பிழைப்பு எதுவோ அதுதான் கல்வி. கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

"ரெண்டும் நல்லதுதாங்க ஐயா" என்றேன். பத்து வருஷத்துக்கு மேல் இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் நின்றவள் வேறு என்ன சொல்வாள்?

ஆனால் மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றாள்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். துடைக்கத் துணி கிடைக்கவில்லை. "பி.காம். ரெண்டாவது வருஷம்" என்று சொல்ல வந்தவள், பாதியில் நிறுத்தி, எதிரில் இருந்த மோர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டேன். அது முதலாளியின் மோர்.

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் மாமனாரிடம், "இவங்கள மாதிரி நடுவுல நின்னவங்க இந்தப் பக்கத்துலயே எத்தனை பேர் இருப்பாங்க மாமா?" என்று மட்டும் கேட்டாள். தேடிப் பார்த்ததில் பன்னிரண்டு பேர் தேறினோம். மணப்பெண் அலங்காரம் செய்கிறவள், கள்ளிக்குப்பத்துத் தையல்காரி, கோவில்பதாகையில் மாவு மில் வைத்திருப்பவள் என்று எல்லோருமே எங்கேயோ ஒரு இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வந்தவர்கள். முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் ஆன்லைன் படிப்புக்கு எல்லோரும் நேரில் மண்டபத்துக்கு வர வேண்டும் என்றார். மதியம் அவர் கையால் சாப்பாடு உண்டு. முகூர்த்த நாளில் மட்டும் வகுப்பு கிடையாது. "நேர்ல வர்றதுக்கு எதுக்குங்க மாமா ஆன்லைன்?" என்று மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு லேப்டாப் வந்து இறங்கின. அன்றைக்கு நான் பேங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போதே வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. ட்ர்ர்ர், ட்ர்ர்ர் என்று, எனக்கு நன்றாகப் பழகிய சத்தம். ஆவடி மார்க்கெட்டில் பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர், மெஷினோடு எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை மூடி மடியில் கவிழ்த்து, முதுகில் முதலாளியின் அம்மா பெயரைச் சுழித்துச் சுழித்து வெட்டிக்கொண்டிருந்தார். எழுத்து மிக அழகாக இருந்தது. பதினொன்று முடிந்து, பன்னிரண்டாவதில் இனிஷியல் நடந்துகொண்டிருந்தது.

திறந்து பார்த்தோம். வெளியே புள்ளியாக இருந்த பெயர், உள்ளே திரையில் கறுப்பாகவும் பச்சையாகவும் பூத்திருந்தது. சிலவற்றில் முதல் எழுத்து மட்டும், ஒன்றில் முழுப் பெயரும்.

"எவர்சில்வர்னா தாங்கும் அண்ணாத்தே" என்றார் பெயர் வெட்டுகிறவர். "இது இன்னா, அப்பளம் மாதிரி கீது."

முதலாளி திரையில் பூத்திருந்த தன் அம்மாவின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாக்க நல்லாத்தான் கீது" என்றார். ஐந்து தப்பித்தன. மீதி ஏழுக்குப் புதிதாக வாங்கி, மருமகள் தன் கையாலேயே பெயர் ஸ்டிக்கர் ஒட்டினாள். செத்துப்போன ஏழு லேப்டாப்பையும் தூக்கி எறிய முதலாளிக்கு மனம் வரவில்லை. ஒன்று இப்போதும் வரவேற்பு மேஜையில் கல்கண்டுத் தட்டுக்கு அடியில் இருக்கிறது.

அப்படித்தான் நான் மறுபடி முதல் வருஷத்திலிருந்து பி.காம். படிக்க ஆரம்பித்தேன். பந்தி மேஜைகள் எப்போதும்போல ஒரே வரிசையில், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து. முதல் நாள் நாங்கள் உட்கார்ந்ததும் பரிமாறுகிற அம்மா பழக்கத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்துவிட்டார். லேப்டாப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தோம். எதிரில், வரவேற்பு நாளில் மாப்பிள்ளை பெண் போட்டோ ஓடுகிற பெரிய திரையில் எங்கள் பேராசிரியர் வருவார். எங்கேயோ எப்போதோ பதிவு செய்து வைத்த பாடம். முதலாளிக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்து, "அந்த வாத்தியாருக்கு ஒரு வாய் காபி குடுத்தீங்களா?" என்பார். நெட் நின்று, பேராசிரியர் வாயைத் திறந்தபடி உறைந்துபோனால், "பாவம், தொண்ட அடச்சிகிச்சி" என்பார். நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது என்று பேராசிரியர் சொன்ன அன்று எழுந்து நின்று, "கரீட்டு! இத்த சொன்னாம் பாரு, இவந்தான் வாத்தியாரு" என்று கைதட்டினார்.

வீட்டிலிருந்தே படிக்கலாமே, எதற்கு இந்தக் கூத்து என்று சிலர் கேட்டார்கள். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பவர்கள் எந்த வீட்டைச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் வீட்டில் நான் லேப்டாப்பைத் திறந்தால் குக்கருக்குத் தெரிந்துவிடும். காஸ் சிலிண்டர்காரருக்குத் தெரிந்துவிடும். என் கணவர் நல்ல மனிதர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. "படி, யாரு வேணாம்னா?" என்பார். சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே, தன் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்குகிற துண்டு எங்கே என்று கேட்பார். மண்டபத்துக்குப் போய்விட்டால் நான் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். துண்டு தானாகக் கிடைத்துவிடும்.

எங்கள் கல்வியாண்டைப் பஞ்சாங்கம்தான் தீர்மானித்தது. ஆடியிலும் மார்கழியிலும் விழுந்து விழுந்து படித்தோம். தை பிறந்தால் புத்தகத்தைத் தொட முடியாது. தேய்பிறை வந்தால் சந்தோஷப்பட்ட ஒரே கல்லூரி எங்களுடையதாகத்தான் இருக்கும். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. மூன்று பேர் நின்றுவிட, ஒன்பது பேர் கடைசிப் பரீட்சை வரைக்கும் வந்து சேர்ந்தோம்.

பரீட்சை வைக்கிறவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. கடைசித் தாள் ஆவணியில், நல்ல வளர்பிறை முகூர்த்தத்தில் வந்து விழுந்தது. பரீட்சை பத்து மணிக்கு. கெட்டிமேளம் பத்தரைக்கு மேல். அந்தக் கல்யாணத்தை எட்டு மாதம் முன்னால் ரெஜிஸ்தரில் எழுதியது என் கைதான். பரீட்சை விதிகள் இன்னும் மோசம். அறையில் தனியாக இருக்க வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு முகம் தெரியக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. மூன்று எச்சரிக்கை, அதோடு பரீட்சை முடிந்தது. நாதஸ்வரத்தை வேறு குரல் இல்லை என்று எந்தக் கம்ப்யூட்டரிடம் சொல்வது? வேலையை விட்டுப் பரீட்சைக்குப் போகவும் முடியாது, கல்யாண நாளில் மேலாளர் இல்லாத மண்டபத்தில் சாவிக்கொத்தே தொலையும். அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. என்னை எனக்குத் தெரியும். இந்த முறை விட்டால் நான் திரும்பி வர மாட்டேன். முதலாளியிடம் போய், "நான் எழுதலைங்க ஐயா, அவங்க எட்டுப் பேர் எங்கேயாவது எழுதட்டும்" என்றேன்.

"இன்னாத்துக்கு? எங்க ஊட்டுக்கு வாங்க எல்லாம். உன் நாற்காலில நம்ம மருமவ குந்தட்டும்."

மருமகள் லீவு போட்டுவிட்டு என் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். நாங்கள் ஒன்பது பேரும் கோவில்பதாகை வீட்டுக்குப் போனோம். பெரிய வீடு. நெல் மூட்டை அடுக்கும் அறை, பூஜை அறை என்று ஆளுக்கு ஒன்று பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு முதலாளியின் அம்மா இருந்த அறை. கேமராவைச் சுற்றிக் காட்டியபோதே திரையில் சிவப்பாக வந்துவிட்டது: அறையில் மற்றொருவர் இருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். சுவரில் மாலை போட்ட படத்தில் அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, மெசினுக்கே தெரிது" என்றார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, தானே படத்தைக் கழற்றினார். அம்மா போனதிலிருந்து அந்தப் படம் அந்த ஆணியை விட்டு இறங்கியதே இல்லை என்று அவர் வீட்டில் பிறகு சொன்னார்கள். அவர் அதைத் தோளோடு சாய்த்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினார். வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

கேள்விகள் வந்தன. அரை மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை: உதடு அசைகிறது. கேள்வியை வாய்க்குள் படிக்கிற பழக்கம் எனக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு நாய் எதையோ பார்த்து விடாமல் குரைத்ததில் இரண்டாவது எச்சரிக்கை. இன்னும் பத்துக் கேள்வி பாக்கி. அப்போதுதான் தெருமுனையில் ஆரம்பித்தது, ஒலிபெருக்கி கட்டிய வெங்காய ஆட்டோ. பதிவு செய்த குரல், அம்மா வாங்க, அக்கா வாங்க, நாசிக் வெங்காயம் வாங்க என்று நெருங்கி நெருங்கி வந்தது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுதி என்ன ஆகப்போகிறது? மூன்று வருஷம் படித்தது ஒரு வெங்காய வண்டியில் முடியப்போகிறது என்று இருந்தது.

வண்டி வாசல் பக்கம் வந்தது. அக்கா வாங்க என்று தொடங்கிய குரல் அக்காவிலேயே நின்றுபோனது.

அதற்குப் பிறகு மீன்காரம்மா குரல் தூரத்தில் கேட்டது. அதுவும் பாதியில் நின்றது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது. நான் இந்தப் பக்கம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக, என் வாழ்க்கையில் யாரும் ஒரு கதவுக்குக் காவல் இருந்ததில்லை. பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. அழுகை வந்தது. அழுதால் மூன்றாவது எச்சரிக்கை வருமோ என்று அதையும் அடக்கிக்கொண்டு பத்துக் கேள்வியையும் எழுதினேன்.

கதவைத் திறந்தால் கூடம் முழுக்க வெங்காயம். ஓரமாக இரண்டு கூடை சங்கரா மீன், பதினேழு துடைப்பம், ஒரு மூட்டை கோலமாவு. நடுவில் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"வாய மூடுங்கடானா கேக்கல. எல்லாத்தயும் நானே வாங்கிகினேன்" என்றார். "இன்னா, நல்லா எழுதினியா?"

நல்லாத்தான் எழுதினேன் என்றேன். ஆளுக்குப் பத்துக் கிலோ வெங்காயத்தோடு வீட்டுக்குப் போனோம். மண்டபத்தில் கல்யாணம் நன்றாகவே நடந்திருந்தது. மருமகள் மட்டும், இனி ஆபீஸில் எந்த ப்ராஜெக்டைக் கொடுத்தாலும் தனக்குப் பயமில்லை என்றாள்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. எட்டுப் பேர் பாஸ், அதில் நான் ஒருத்தி. அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன், யாராவது பார்க்கட்டுமே என்று. கணவருக்குப் போன் செய்தால் "அட, நெஜமாவா?" என்றார். மூன்று வருஷமாக நான் எங்கே போய் வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ, கேட்கவில்லை.

மறுநாளே மண்டப வாசலில் பிளெக்ஸ் எழும்பிவிட்டது. எட்டுப் பேர் படங்களும் இருந்தன. என் முகம் மட்டும் ஒரு மாப்பிள்ளை அளவுக்குப் பெரியது. குடும்பத்தையும் வேலையையும் பார்த்துக்கொண்டே பட்டம் பெற்ற எங்கள் மேலாளர் என்றும், ஆன்லைனில் யாரும் எப்போதும் படிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நான் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். முதலாளியும் முடிவுக்கு வந்துவிட்டார்.

"பல்கலைக்கழகமும் வேணா ஒண்ணும் வேணா. இனிமே ஆன்லைன்தான். நூறு பொண்ணுங்கள படிக்க வெக்கிறேன். எவளும் ஊட்ட வுட்டு வெளிய வரத் தேவையில்ல. இன்னா சொல்ற?"

ஆமாங்க ஐயா என்றேன். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் தேதி கேட்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சொந்த ஊர் விருதுநகர் பக்கமாம், கள்ளிக்குப்பத்தில் புதிதாகப் பிளாட் வாங்கி வந்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணம், தை மாதத்தில் ஒரு தேதி சொன்னார். ரெஜிஸ்தரைத் திறந்தேன். பக்கம் காலியாக இருந்தது. வாசல் பலகையில் பெண் மாப்பிள்ளை பெயரைப் பட்டத்தோடு எழுதுவது எங்கள் வழக்கம் என்பதால், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"பி.எஸ்சி.ன்னு போட்டுக்கங்கம்மா. மூணாவது வருஷம் படிச்சிட்டிருக்கா."

"அப்ப காலேஜ்?"

"நிப்பாட்டிருவோம். மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை. மிச்சத்த ஆன்லைன்ல முடிச்சுக்கலாம்னு பேசி முடிச்சாச்சு. எங்களுக்கும் யோசனையாத்தான் இருந்துச்சு. நேத்து வாசல்ல உங்க பிளெக்ஸைப் பார்த்த பெறகுதான் எம் பொண்டாட்டிக்குத் தைரியமே வந்துச்சு." என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது நீங்கதானம்மா? நீங்களே இந்த வயசுல முடிக்கலையா? அவ சின்னப் பொண்ணு. முடிச்சிருவா."

அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பிளெக்ஸ் மேல் வந்தது, அதில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் என் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

"அந்தத் தேதி இல்லைங்க சார்" என்றேன்.

"காலியாத்தானம்மா இருக்கு?"

ரெஜிஸ்தரை நான் மூட மறந்திருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். வருகிற புக்கிங்கைக் கைநழுவ விட்டால் மூன்று நாள் என்னோடு பேச மாட்டார் அவர். காலிப் பக்கத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகப் பிளெக்ஸின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பென்சில்ல போட்டு வெச்சிருந்தோம் சார், அழிஞ்சிபோச்சு. அந்த தேதி இல்ல" என்றார்.

"சரி, மாசியில?"

"மாசியிலயும் இல்லைங்க" என்றேன்.

"அப்ப எப்பத்தாம்மா இருக்கு?"

"பொண்ணுக்குக் கடைசிப் பரீட்சை எப்ப சார்?"

அவர் விழித்தார். "அதுக்கும் மண்டபத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்குக் கல்யாணம் ஆனப்ப நான் ரெண்டாவது வருஷம் சார். அதை முடிக்க இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. பிளெக்ஸ்ல அதைப் போடல."

எங்கள் சாலையில் இன்னும் நாலு மண்டபம் இருக்கிறது. அவர் எழுந்து அங்கே போயிருக்கலாம். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "பரீட்சை எப்பன்னு எனக்குத் தெரியலயே" என்றார், ஏதோ தொலைத்தவர் போல. பிறகு போனை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனார்.

"பாப்பா, உனக்குக் கடைசிப் பரீட்சை எப்ப?" என்று அவர் கேட்டது எங்கள் இருவருக்கும் கேட்டது. அதற்கு அப்புறம் மகள் பேசப் பேச, காதில் போனை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ரெஜிஸ்தரில் வைகாசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.